தலைக்காய ஆய்வில் சேர்க்கக் கையெழுத்து கேட்கிறார்கள்: போடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். அண்ணனுக்கு 34 வயது. தக்கலைப் பக்கம் பைக்கில் போகும்போது விழுந்து தலையில் அடி. நாகர்கோவிலில் ஸ்கேன் எடுத்துவிட்டுத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இப்போது ஐசியுவில், நினைவில்லாமல். அங்கே ஒரு டாக்டர் ‘தலைக்காய ஆராய்ச்சியில் சேர்க்கலாமா’ என்று கேட்டுப் பத்துப் பக்கத் தாள் கொடுத்திருக்கிறார். பாதி இங்கிலீஷ், பாதி மலையாளம். மைனி (அண்ணி) பயந்துபோய், கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். போடாவிட்டால் வைத்தியத்தில் குறை வைப்பார்களா, போட்டால் அண்ணனை வைத்துச் சோதனை செய்வார்களா, இதில் பணம் உண்டா, செலவு உண்டா என்று கேட்கிறீர்கள்.

முதலில் மைனியின் பயம். கையெழுத்துப் போடாவிட்டால் வழக்கமான சிகிச்சையில் ஒரு மாத்திரைகூடக் குறையக் கூடாது என்பது விதி. அதை டாக்டர் வாயால் சொன்னால் மட்டும் போதாது. உங்கள் கையில் இருக்கும் தகவல் தாளிலேயே அச்சாகியிருக்க வேண்டும். ‘பங்கேற்பது உங்கள் விருப்பம், மறுத்தாலும், இடையில் விலகினாலும் சிகிச்சை பாதிக்கப்படாது’ என்ற பொருளில் ஒரு வரி கட்டாயம் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து மைனிக்கு வாசித்துக் காட்டுங்கள். இல்லையென்றால் அந்தத் தாளே முழுமையானதல்ல.

அடுத்து, இது எந்த வகை ஆய்வு என்று தெரிய வேண்டும். ‘ஆராய்ச்சி’ என்ற ஒரே பெயரில் நாலு விதமான காரியங்கள் நடக்கின்றன. ஒன்றில் சிகிச்சை துளியும் மாறாது. கேஸ் ஷீட்டில் இருப்பதைக் குறித்துக்கொள்வார்கள், சில வேளை கூடுதலாக ரத்தம் எடுப்பார்கள், ஆறு மாதம் கழித்துப் போனில் விசாரிப்பார்கள். ஒருமுறை எடுக்கும் ரத்தம் பெரும்பாலும் 5 முதல் 10 மில்லி. இரண்டு டீஸ்பூன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிபட்ட மூளைச் செல்களிலிருந்து ரத்தத்தில் கசியும் ஜிஎஃப்ஏபி, யுசிஎச்-எல்1 போன்ற புரதங்களை அளப்பதற்கு அது. லேசான தலைக்காயத்தில் சிடி ஸ்கேன் வேண்டுமா என்று முடிவெடுக்க உதவும் பரிசோதனையாக 2018இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. இரண்டாவது வகை, மருந்து ஆய்வு. மூன்றாவது, அறுவை சிகிச்சை ஆய்வு: மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுப்பதா வேண்டாமா, எடுத்தால் உடனே திரும்ப வைப்பதா என்பது போன்றவை. நாலாவது, வீடு திரும்பிய பிறகு செய்யும் பிசியோதெரபி, ஞாபகப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி தொடர்பானது.

இதைக் கண்டுபிடிக்கப் பத்துப் பக்கமும் படிக்க வேண்டியதில்லை. டாக்டரிடம் ஒரு கேள்வி போதும்: “இதில் சேர்ந்தால் இப்போது நடக்கும் வைத்தியத்தில் எது கூடும், எது மாறும்?” ஒன்றும் மாறாது, குறிப்பு மட்டும்தான் என்றால் அது முதல் வகை. அதில் ஆபத்து என்று சொல்ல ஊசி குத்தும் வலியும், அந்தரங்க விவரம் வெளியே போகுமோ என்ற கவலையும்தான். என் கருத்தில் இந்த வகைக்கு மறுக்கப் பெரிய காரணம் எதுவும் இல்லை. மருந்தோ அறுவையோ என்றால் மட்டும் இனி சொல்வதையெல்லாம் கவனமாகப் பாருங்கள்.

‘அண்ணனை வைத்துச் சோதனையா’ என்ற கேள்விக்கு நேர்ப்பதில், ஆமாம், ஒரு வகையில் சோதனைதான். இரண்டு சிகிச்சைகளில் எது நல்லது என்று டாக்டர்களுக்கே உறுதியாகத் தெரியாதபோதுதான் அப்படி ஓர் ஆய்வு நடத்தலாம். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் முடிவு செய்யும். டாக்டருக்குப் பிடித்தவருக்கு நல்ல மருந்து, மற்றவருக்கு வெறும் உப்புத் தண்ணீர் என்று நடக்காது. பல ஆய்வுகளில் எது மருந்து, எது போலி மருந்து (மருந்து கலக்காத, பார்க்க அதே போன்ற ஒன்று) என்று கொடுக்கும் நர்ஸுக்கே தெரியாது. போலி மருந்து கிடைத்தாலும் வென்டிலேட்டர், ஸ்கேன், வலிப்பு மருந்து, தேவைப்பட்டால் ஆபரேஷன் எல்லாமே வழக்கம்போல நடக்கும். ஆய்வு மருந்து அதற்கு மேல்தான் வரும்.

ஏன் இப்படிக் குலுக்கிப் பார்க்க வேண்டும்? தலைக்காயத்தில் மூளை வீங்குகிறது, ஸ்டீராய்டு வீக்கத்தைக் குறைக்கும், ஆகவே ஸ்டீராய்டு கொடுப்போம் என்று முப்பது ஆண்டுக்கும் மேலாக உலகம் முழுக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ‘கிராஷ்’ என்ற ஆய்வில் 10,008 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தபோது, 2004இல் வந்த முடிவு தலைகீழாக இருந்தது. ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், போலி மருந்து பெற்றவர்களில் 17.9 சதவீதம். அந்த ஆய்வில் போலி மருந்து கிடைத்தவர்தான் அதிர்ஷ்டசாலி. இன்று அண்ணனுக்கு யாரும் ஸ்டீராய்டு ஊசி போடாமல் இருப்பதற்கு அந்தப் பத்தாயிரம் பேர் ஆய்வில் இருந்ததுதான் காரணம்.

அதே வரிசையில் வந்த ‘கிராஷ்-3’, டிரானெக்ஸாமிக் ஆசிட் என்ற ரத்தக்கசிவை நிறுத்தும் மருந்தைப் பார்த்தது. 29 நாடுகள், 12,737 பேர், முடிவு வந்தது 2019இல். பத்து நிமிடத்தில் 1 கிராம், பிறகு எட்டு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக இன்னொரு 1 கிராம். மூன்று மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் தலைக்காயத்தால் இறந்தவர்கள் 18.5 சதவீதம், பெறாதவர்களில் 19.8 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயலாகக்கூட வந்திருக்கலாம் என்று சொல்லும் அளவுக்குச் சிறியது. ஆனால் லேசான, நடுத்தரக் காயம் உள்ளவர்களை மட்டும் தனியாகப் பார்த்தபோது மருந்து பெற்றவர்களில் 5.8, பெறாதவர்களில் 7.5 சதவீதம் என்று வித்தியாசம் தெளிவாக இருந்தது. நினைவே இல்லாத கடும் காயத்தில் அப்படித் தெரியவில்லை. ஆய்வு முடிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: இன்னாருக்கு, இந்த நேரத்துக்குள், இவ்வளவு என்று. ‘புது மருந்து வந்திருக்கிறது, எழுந்து உட்கார்ந்துவிடுவார்’ என்று யாராவது சொன்னால் அவர் ஆய்வைப் பற்றிப் பேசவில்லை.

அந்த மூன்று மணி நேரம் நம் மாவட்டத்தில் எப்படிக் கரைகிறது என்று பாருங்கள். கணக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, அடிபட்ட நேரத்திலிருந்து. பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டப் போனவர் விடியுமுன் வழுக்கி விழுந்தால், ஆறு மணிக்கு யாராவது பார்க்கும்வரை தெரியாது. தென்னையிலிருந்து விழுந்தவரும் அப்படித்தான். விழுந்த நேரம் தெரியாவிட்டால் ‘கடைசியாக நல்லபடியாகப் பார்த்த நேரம்’ என்ன என்று கேட்பார்கள். குத்துமதிப்பாகச் சொல்லாமல், யார் பார்த்தார், எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். அதன் பிறகு குலசேகரத்திலோ மார்த்தாண்டத்திலோ முதலுதவி, ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் ஸ்கேன், களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் என்று மூன்று இடம் மாறினால் நேரம் போய்விடும். நேரக் கெடு உள்ள ஆய்வில் ‘தாமதமாகிவிட்டது, சேர்க்க முடியாது’ என்று சொன்னால் அதில் உள்நோக்கம் எதுவும் இல்லை. கெடு தாண்டிய பிறகும் சேர்க்கிறேன் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

முதல் ஆஸ்பத்திரியின் ரெஃபரல் கடிதமும் ஸ்கேன் படங்கள் உள்ள சிடி தட்டும் இங்கேதான் உதவும். அங்கே டிரானெக்ஸாமிக் ஆசிட் ஏற்கெனவே போட்டிருந்தால், அதே மருந்தின் ஆய்வில் சேர்க்க மாட்டார்கள். போட்டது தெரியாமல் சேர்த்துவிட்டால் மருந்து இரட்டிப்பாகும். கடிதம் ஆம்புலன்ஸிலேயே விட்டுப்போவது அடிக்கடி நடக்கும். இப்போதே தேடி எடுத்து, மூன்று நகல் போட்டு வையுங்கள். அண்ணன் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தத்தை இளக்கும் மாத்திரை எதுவும் சாப்பிட்டவரா என்பதையும், குடித்திருந்தாரா என்பதையும் மறைக்காதீர்கள். குடித்ததைச் சொன்னால் இன்ஷூரன்ஸ் போய்விடுமோ என்று வீட்டில் மறைப்பது வழக்கம். ஆனால் நினைவின்மை காயத்தாலா மதுவாலா என்று தெரியாமல் போனால் வைத்தியமே தடம் மாறும்.

ஐசியு வாசலில் ‘ஜிசிஎஸ் எவ்வளவு’ என்ற பேச்சு காதில் விழும். நோயாளிக்கு நினைவு எவ்வளவு இருக்கிறது என்று காட்ட, கிளாஸ்கோ நகர டாக்டர்கள் இருவர் 1974இல் கொண்டுவந்த அளவு அது. கண் திறப்பதற்கு 4, பேசுவதற்கு 5, கைகால் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. ஒன்றுமே இல்லாவிட்டாலும் பூஜ்யம் கிடையாது, 3தான் அடி எண். 13 முதல் 15 வரை லேசான காயம், 9 முதல் 12 நடுத்தரம், 3 முதல் 8 கடுமை. தொண்டையில் குழாய் போட்டிருந்தால் பேச்சு மார்க்கைக் கணக்கிட முடியாது. தூக்க மருந்து ஓடும்போது மற்றவையும் குறைவாகவே தெரியும். ஆய்வுகள் ‘9 முதல் 12 வரை உள்ளவர் மட்டும்’ என்று வரம்பு வைத்திருக்கும். காலையில் தகுதி இல்லை என்றவர்கள் மாலையில் தகுதி உண்டு என்று வந்தால் அண்ணனின் எண் மாறியிருக்கிறது என்று பொருள். ஏறியதா இறங்கியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் தாள். தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் கையெழுத்திடுபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் மலையாளமும் இங்கிலீஷும்தான் முதலில் கைக்கு வரும். விளவங்கோடு பக்கத்துக்காரர்கள் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள். அதைப் பார்த்து டாக்டரும் படிக்கத் தெரியும் என்று நினைத்துக்கொள்வார். பேசத் தெரிவதும் படிக்கத் தெரிவதும் ஒன்றல்ல. “எங்களுக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும், தமிழ்த் தாள் கொடுங்கள்” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆய்வை அனுமதித்துக் கண்காணிக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த தமிழ்ப் பிரதி பல ஆய்வுகளில் இருக்கும், அலமாரியிலிருந்து எடுக்கத்தான் சோம்பல். அப்படி ஒரு பிரதியே இல்லையென்றால், டாக்டர் தமிழில் வாசித்து விளக்க வேண்டும். படிக்க முடியாதவர் கைநாட்டு வைக்கும்போது, ஆய்வோடு தொடர்பில்லாத ஒருவர் உடனிருந்து முழுவதையும் கேட்டுச் சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். அந்த வார்டு நர்ஸோ ஆய்வுக்குழு உதவியாளரோ இந்தச் சாட்சியாக இருக்கக் கூடாது. புத்தம் புதிய மருந்து மூலக்கூறை ஆராய்கிறார்கள் என்றால், தாமே முடிவெடுக்க இயலாத அண்ணன் போன்றவர்களுக்கான ஒப்புதல் பேச்சை வீடியோவில் பதிவு செய்வதும் 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் விதிகளில் இருக்கிறது. கேமராவைப் பார்த்து மிரள வேண்டாம். அது உங்கள் பாதுகாப்புக்கு.

அண்ணனுக்கு நினைவில்லாததால் சட்டப்படி ஏற்கத்தக்க ஒருவர் அவருக்காக ஒப்புதல் தரலாம். வழக்கமாக மனைவி, அவர் இல்லாவிட்டால் பெற்றோர், வயது வந்த பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள். மைனி இருக்கும்போது தம்பி நீங்கள் போடுவது சரியாகாது. முடிவு மைனியுடையது, நீங்கள் கூட இருந்து கேள்வி கேட்டுக் கொடுக்கலாம். மாமனாருக்கும் மைனிக்கும் இதில் கருத்து வேறுபட்டால் அன்றைக்குக் கையெழுத்து வேண்டாம் என்பேன். ஏதாவது ஆகிவிட்டால் ‘நீ போட்டதால்தான்’ என்ற பேச்சு அந்த வீட்டில் இருபது வருடம் ஓயாது.

மைனி போட்ட கையெழுத்து அண்ணனுக்கு நினைவு திரும்பும்வரைதான். அவர் பேசவும் புரிந்துகொள்ளவும் தொடங்கியதும் அவரிடமே விளக்கி, தொடர விருப்பமா என்று மறுபடி கேட்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் இதைச் சொல்கின்றன. நடைமுறையில் தவறிப்போவது இந்த இடம்தான்: ஐசியுவிலிருந்து வார்டுக்கு, வார்டிலிருந்து வீட்டுக்கு என்று அவசரத்தில் யாரும் அவரைக் கேட்பதில்லை. நீங்களே நினைவூட்டுங்கள்.

கையெழுத்தில் தேதியோடு நேரமும் எழுதுங்கள். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்கள் கையில் இருக்க வேண்டும். ‘பிறகு தருகிறோம்’ என்றால் போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்ட பிறகு தாளைக் கொடுங்கள்.

ஆய்வு அசல்தானா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேட்டின் பெயர் சிடிஆர்ஐ. 2007இல் தொடங்கியது, 2009 ஜூன் முதல் மருந்து ஆய்வுகளை அதில் பதிவது கட்டாயம். தகவல் தாளில் சிடிஆர்ஐ என்ற எழுத்துகள், சாய்கோடு, ஆண்டு, மாதம், பிறகு ஆறு இலக்கம் என்று ஓர் எண் இருக்கும். அதைப் பதிவேட்டின் இணையதளத்தில் தேடினால் பக்கம் முழுக்க விவரம் வரும். எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். நீங்கள் இருக்கும் ஆஸ்பத்திரியின் பெயர் ஆய்வு நடக்கும் இடங்களின் பட்டியலில் இருக்கிறதா, அதற்கு நேராக நெறிமுறைக் குழுவின் அனுமதி கிடைத்ததாகப் போட்டிருக்கிறதா, பதிவு செய்த தேதி முதல் நோயாளியைச் சேர்த்த தேதிக்கு முந்தியதா, அண்ணனின் வயதும் காயமும் அந்தத் தகுதி வரையறைக்குள் வருகிறதா, இந்த நாலும் போதும். 2018 ஏப்ரல் 1 முதல், ஆளைச் சேர்த்த பிறகு செய்யும் பதிவை அவர்கள் ஏற்பதில்லை.

நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அவர்களில் பாதிப்பேராவது அந்த ஆஸ்பத்திரியைச் சேராதவர்கள். சட்டம் தெரிந்தவரும், மருத்துவத்துறை சாராத பொதுஜனம் ஒருவரும், ஒரு பெண் உறுப்பினரும் இருந்தாக வேண்டும். தகவல் தாளின் கடைசிப் பக்கத்தில் இரண்டு போன் எண்கள் இருக்கும்: ஒன்று ஆய்வு டாக்டருடையது, மற்றது இந்தக் குழுவுடையது. இரண்டாவது எண்ணுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. டாக்டர் மேலேயே சந்தேகம் வந்தால் பேச வேண்டிய எண் அதுதான்.

பணம். ஆய்வு மருந்துக்கும், ஆய்வுக்காகவே எடுக்கும் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் உங்களிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. வழக்கமான சிகிச்சையின் பில் வழக்கம்போல உங்களுடையது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு இலவச சிகிச்சை தரும் தமிழ்நாட்டின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் முதல் 48 மணி நேரத்துக்குத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில்தான் செல்லும்; ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அதில் மாற்றமில்லை. மறுபரிசோதனைக்கு வந்துபோகும் பஸ் காசும், விட்டுப்போன நாள்கூலியும் சில ஆய்வுகளில் உண்டு. தாளில் தொகை எழுதியிருந்தால் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பி இருக்காதீர்கள்.

ஆய்வினால் பாதிப்பு வந்தால் தேவைப்படும்வரை இலவச மருத்துவம் தர வேண்டும், நஷ்டஈடும் உண்டு. 2019 விதிகளின்படி, ஆய்வு காரணமாக மரணம் என்றால் 8 லட்சம் என்ற அடிப்படைத் தொகையை வயதுக்கான எண்ணாலும், ஆய்வில் சேர்ந்தபோதிருந்த உடல்நிலைக்கான 0.5 முதல் 4 வரையிலான எண்ணாலும் பெருக்கி, 99.37ஆல் வகுப்பார்கள். 34 வயதுக்காரருக்கு உடல்நிலை எண் 1 என்று கொண்டால் சுமார் 16 லட்சம் வரும். முப்பது நாளில் இறக்கும் வாய்ப்பு 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவருக்கு மட்டும் 2 லட்சம் என்று நிலையாக வைத்திருக்கிறார்கள். தலைக்காயத்தில் இந்த இடத்தில்தான் சிக்கல். காயத்தாலேயே இறக்கும் வாய்ப்பு அதிகம் உள்ள நோயாளியிடம், மருந்தால் இறந்தார் என்று பிரித்துக் காட்டுவது கடினம். அதனால் சேரும் நாளில் ஜிசிஎஸ் எவ்வளவு, ஸ்கேன் ரிப்போர்ட் என்ன என்ற குறிப்பு உங்களிடமும் இருக்கட்டும். விபத்து நஷ்டஈட்டு வழக்கு வேறு வழி. அதற்கு ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர் நகல், எஃப்ஐஆர், டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனச் சான்றிதழ் எல்லாம் தனியாக வேண்டும். ஆய்வுக் காகிதம் எதுவும் அவற்றுக்கு ஈடாகாது.

இங்கேயே ஒன்று: யாராவது ‘ஸ்டெம் செல் போட்டால் மூளை திரும்ப வளரும், ஆராய்ச்சி முறையில் செய்கிறோம், நாலு லட்சம் ஆகும்’ என்று வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தலைக்காயத்துக்கு ஸ்டெம் செல் என்பது முறையான ஆய்வுக்குள் மட்டும்தான் அனுமதி; ஆய்வு என்றால் காசு வாங்க முடியாது. அந்த வாக்கியத்தின் இரண்டு பாதிகளும் சேரவே சேராது.

சேர்ந்தபின் வீட்டில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் இரண்டு. முதலாவது, நம் ஊருக்கே உரியது: டிஸ்சார்ஜ் ஆன மறுவாரம் வர்மம் தெரிந்த ஆசானிடம் கூட்டிப் போவார்கள். போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். ஆனால் தடவிய எண்ணெய், குடித்த கஷாயம், சாப்பிட்ட லேகியம், செந்தூரம் எல்லாவற்றையும் ஆய்வு டாக்டரிடம் சொல்ல வேண்டும். திட்டுவார் என்று மறைத்தால், ஈரல் பரிசோதனையில் எண் ஏறும்போது ஆய்வு மருந்தின் மேல் பழி விழும். அல்லது உண்மையாகவே மருந்தால் வந்த கெடுதல் லேகியத்தின் கணக்கில் போய்விடும். மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்திருந்தால் அந்தப் பக்கம் யாருடைய கையும் அழுத்தக் கூடாது. அடியில் எலும்பே இல்லை. வலிப்பு மாத்திரையை ‘இப்பதான் நல்லா இருக்கே’ என்று தாமாக நிறுத்துவதும் இதே ரகம்.

இரண்டாவது, வேறு ஆஸ்பத்திரியில் சேர்த்ததைச் சொல்லாமல் விடுவது. அண்ணனுக்குக் காய்ச்சலோ வலிப்போ வந்து மார்த்தாண்டத்தில் இரண்டு நாள் படுத்திருந்தால்கூட, ஆய்வுக் கணக்கில் அது கடுமையான பாதக நிகழ்வு. 24 மணி நேரத்துக்குள் ஆய்வு டாக்டர் மேலே அறிவிக்க வேண்டும். அவருக்குத் தெரிய வருவது உங்கள் போனால்தான். ஆனால் அவசரத்தில் முதல் போன் அவருக்கு அல்ல. திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிதல் என்றால் 108, பிறகு கேசுவாலிட்டி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த பிறகு ஆய்வு டாக்டரைக் கூப்பிடலாம்.

ஆய்வில் எம்ஆர்ஐ உண்டென்றால், கண்ணில் இரும்புத்தூள் போன அனுபவம் உண்டா என்று கேட்பார்கள். வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்தவர் என்றால் யோசித்துப் பதில் சொல்லுங்கள். கண்ணுக்குள் தங்கிய துணுக்கை அந்தக் காந்தம் இழுத்துவிடும். ஞாபகப் பரிசோதனையில் ‘இது என்ன மாதம்’ என்று கேட்கும்போது அண்ணன் ‘ஆவணி’ என்று சொல்லி, கேட்டவர் தப்பு என்று குறித்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

விலகுவது எப்போதும் முடியும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மொத்தமாக வெளியேறுவது ஒன்று, மருந்தை மட்டும் நிறுத்திவிட்டு ஆறாம் மாதப் போனுக்குச் சம்மதிப்பது வேறொன்று. இரண்டாவதும் உண்டா என்று கேளுங்கள். சேமித்த ரத்தத்தை அழித்துவிடச் சொல்லலாமா, அதை வேறு ஆய்வுக்கும் பயன்படுத்துவார்களா என்பதற்குப் படிவத்தில் தனிக் கட்டம் இருக்கும்; எல்லாக் கட்டத்திலும் டிக் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்த ஆறாம் மாதப் போன்தான் முழு ஆய்வுக்கும் உயிர். தலைக்காயத்தில் பிழைத்தாரா என்பது பாதிக் கணக்கு; எப்படிப் பிழைத்தார் என்பது மீதிப் பாதி. மண்டையோட்டைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் அறுவையை 408 பேரிடம் பார்த்த ‘ரெஸ்க்யூ-ஐசிபி’ ஆய்வின் முடிவு 2016இல் வந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்கள் அறுவை செய்தவர்களில் 26.9 சதவீதம், மருந்தோடு நிறுத்தியவர்களில் 48.9 சதவீதம். அதே சமயம், கண் திறந்தும் உணர்வில்லாமல் கிடந்தவர்கள் அறுவைப் பக்கம் 8.5 சதவீதம், மறுபக்கம் 2.1. ஆறு மாதம் கழித்து யாரும் போன் செய்து கேட்டிருக்காவிட்டால் முதல் வரி மட்டும்தான் தெரிந்திருக்கும்.

போனில் கேட்பது இந்த மாதிரி இருக்கும். வீட்டில் அவருக்குத் தினமும் யாராவது உதவ வேண்டியிருக்கிறதா? பகலில் எட்டு மணி நேரம் தனியாக விட்டுவிட்டுப் போகலாமா? கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிச் சரியாகச் சில்லறை வாங்கி வருகிறாரா? தனியாக பஸ் ஏறுகிறாரா? பழைய வேலையைப் பழைய அளவில் செய்கிறாரா? பழைய கூட்டாளிகளோடு போகிறாரா? கோபம், எரிச்சல் கூடி வீட்டில் சண்டை வருகிறதா? இவற்றின் பதிலிலிருந்து 1 முதல் 8 வரை ஒரு எண் போடுவார்கள். 1 மரணம், 8 முழுமையாகப் பழைய நிலை. அடிபடுவதற்கு முன்னும் அவர் அப்படித்தான் இருந்தாரா என்பதும் கேள்வியில் உண்டு. முன்பும் கடைக்கே போகாதவர் என்றால் அதையும் சொல்ல வேண்டும்.

நம் ஆட்கள் இதற்கெல்லாம் ‘நல்லா இருக்கான்’ என்று ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள். வெளியாளிடம் வீட்டுக் குறையைச் சொல்லக் கூடாது என்ற எண்ணம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அவர் ராத்திரி தட்டை எறிந்ததும், வந்த வழி மறந்து இரணியலில் நின்றதும் அந்த எண்ணில் ஏற வேண்டும். மைனி தனியாகப் பேசட்டும், அண்ணனும் தனியாகப் பேசட்டும்.

போன் எண் தருவதிலும் கவனம் வேண்டும். அண்ணனின் எண்ணை மட்டும் கொடுத்தால், விபத்தில் உடைந்த அந்தப் போன் மாறும்போது சிம்மும் மாறிவிடும். தூத்தூர்க்காரர் என்றால் ஆறாம் மாதம் ஆழ்கடல் படகில் ஒரு மாதமாகச் சிக்னல் இல்லாமல் இருப்பார். வேறு பலர் வளைகுடாவுக்கே போயிருப்பார்கள். மைனியின் எண், உங்கள் எண், பக்கத்து வீட்டில் மாறாமல் இருக்கும் ஒருவரின் எண் என்று மூன்று கொடுங்கள். ஆறு மாதம் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்து, அதற்கு முந்திய வாரமே ஆய்வு டாக்டருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடுங்கள். தெரியாத எண்ணிலிருந்து, அதுவும் கேரள எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் லோன்காரன் என்று கட் செய்வது வழக்கமாகிவிட்டது. ஆய்வு டாக்டரின் எண்ணை மைனியின் போனில் இன்றைக்கே பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள்.